தெளிந்த தண்ணீர் போதாது: கடல்நீர் மீன்தொட்டிக்கு ஏன் ஆறு வாரம் வேண்டும்?

கடல்நீர் மீன்தொட்டி ஒன்றை வாங்கிக் கழுவி, தண்ணீர் நிரப்பி, மறுநாளே மீனை விட்டால் நடப்பது ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான். முதல் இரண்டு மூன்று நாள் மீன் நன்றாக நீந்தும். பிறகு தீன் எடுக்காது. மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் வேகமாக அடிக்கும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளுக்குள் செத்து மிதக்கும். தண்ணீரோ அப்போதும் கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கும். அதனால்தான் பலர் மீனுக்கு நோய் என்றோ, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றோ, தங்கள் கை ராசியில்லாத கை என்றோ முடிவுகட்டிவிடுகிறார்கள்.

வன்னியில் வாழ்வாதாரத் திட்டங்களைப் பற்றி எழுதப் போகும் இடங்களில் இந்தக் கதையின் மிச்சத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். கோழிக்குஞ்சு அடைக்கப் பயன்படும் கண்ணாடித் தொட்டிகள். விறகுக் கொட்டிலுக்குள் கவிழ்த்து வைத்த தொட்டிகள். சில, வெளிநாட்டிலிருக்கும் உறவினர் பிள்ளைகளுக்கென்று அனுப்பிய காசில் வாங்கியவை. சில, வளர்ப்பு மீன் விற்றுப் பிழைக்கலாம் என்று கடனெடுத்து வாங்கியவை. இன்னும் சில, உதவித் திட்டங்களில் வந்தவை. தொட்டி கையளிக்கும் நாளில் படம் எடுக்க ஆள் வருவார்கள். நான்காவது வாரம் தண்ணீரைச் சோதிக்க யாரும் வருவதில்லை.

கோல்ட் ஃபிஷ், கப்பி போன்ற நன்னீர் மீன்கள் இந்த அவசரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கடல் மீன் பொறுக்காது. காரணம் எளிமையான இரசாயனம். அதை ஒருமுறை விளங்கிக்கொண்டால், வாங்கிய முதல் மீனையே வருடக்கணக்கில் வைத்திருக்கலாம்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

மீன் மூச்சுவிடும்போதே செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. அதன் எச்சமும், தின்னாமல் விட்ட தீனும் அழுகும்போது இன்னும் அமோனியா வரும். கடலில் இது ஒரு பொருட்டே இல்லை. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் அது உடனே கரைந்து போய்விடும். தொட்டியில் போக இடமில்லை. அடைத்து வைத்த இடத்தில் கழிவும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, 2009ஆம் ஆண்டு மழையில் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்த எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

மீனைக் காப்பாற்றுவது இரண்டு வகைப் பற்றீரியாக்கள். முதல் வகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இரண்டாம் வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். பெயர்கள் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும். 'ரை' வருவது நடுவில் தோன்றும் நஞ்சு, 'ரே' வருவது கடைசி விளைபொருள் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நைத்திரேற்று அதிகமாகச் சேர்ந்தால் ஒழிய மீனைக் கொல்லாது. தண்ணீரில் ஒரு பகுதியை இடைக்கிடை மாற்றினால் அது குறைந்துவிடும்.

இது சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த நைதரசன் வட்டத்தின் ஒரு துண்டுதான். வயலுக்குப் போட்ட யூரியாவுக்கும் மண்ணில் இதுவே நடக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதற்கும் இதுதான் அடிப்படை. உரத்திலிருந்தும் மலசலக் குழிகளிலிருந்தும் வரும் நைதரசன் நைத்திரேற்றாக மாறி, சுண்ணாம்புக்கல் வழியே நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் போதிய அளவில் இல்லை என்பதே பிரச்சினை. அவை தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. கல்லிலும் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டிக் குடியேறி, மெல்ல மெல்லப் பெருகுபவை. உணவைப் பழுதாக்கும் சில பற்றீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இவை இரட்டிப்பதற்கு அரை நாள், ஒரு நாள் என்று எடுக்கும். அதுவும் நல்ல நிலைமை இருந்தால்தான். மீன் வருவதற்கு முன்பே இந்தக் குடியேற்றத்தை நடத்தி முடிப்பதைத்தான் ஆங்கிலத்தில் 'சைக்கிளிங்' என்கிறார்கள். புதுச் சட்டியைச் சமையலுக்கு முன் பழக்கி எடுப்பதுபோல, நாம் இதைத் தொட்டியைப் பழக்குதல் என்று சொல்லலாம்.

இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை

இந்தக் காத்திருப்பு மீன் வளர்ப்பவர்களின் கண்டுபிடிப்பு இல்லை. 1877ஆம் ஆண்டு பிரான்சில் சுலோசிங், மியூன்ற்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் ஒன்றின் வழியாகச் சாக்கடை நீரை மெதுவாக இறங்க விட்டார்கள். முதல் 20 நாள் உள்ளே போன அமோனியா அப்படியே வெளியே வந்தது. அதன் பிறகு அமோனியா குறைந்து நைத்திரேற்று வரத் தொடங்கியது. வெறும் இரசாயன மாற்றமாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். பிறகு குழாய்க்குள் குளோரோபோம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோனது. மண் கழுவிய நீரைச் சேர்த்ததும் மீண்டும் தொடங்கியது. வேலை செய்வது உயிருள்ள ஒன்று என்பது அப்படித்தான் தெரிந்தது. 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி, அது ஒரு வகை அல்ல, அடுத்தடுத்து வேலை செய்யும் இரண்டு வகை என்று காட்டினார்.

மீன்தொட்டி வைப்பவருக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. தொடக்கத்தில் பல நாள் ஒன்றும் நடக்காததுபோலத் தெரிவது இயல்பு. பற்றீரியாவைக் கொல்லும் பொருள் ஒன்று உள்ளே போனால் எல்லாம் நின்றுவிடும். குளோரோபோமுக்குப் பதில் நம் வீடுகளில் இருப்பது குழாய் நீரிலுள்ள குளோரின், சவர்க்காரம், கிருமிநாசினி.

கடல்நீரில் அமோனியா ஏன் கடுமையானது?

அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அவ்வளவு தீங்கில்லாதது, மற்றது செவுளுக்குள் நேரே புகுந்து கொல்வது. எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் காரத்தன்மையும் வெப்பமும். பி.எச். 7 உள்ள நன்னீர்த் தொட்டியில், நம்முடைய வெப்பநிலையில், மொத்த அமோனியாவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவானதே நஞ்சு வடிவில் இருக்கும். கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை. அங்கே அதே அமோனியாவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நஞ்சாகிவிடும். கப்பி தப்பிப் பிழைக்கும் அளவிலேயே நீமோ மீன் சாவது இதனால்தான்.

நைத்திரைற்று விடயத்தில் கடல்நீர் கொஞ்சம் இரக்கமானது. கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைட்டு, நைத்திரைற்று செவுள் வழியே உடலுக்குள் போவதைத் தடுக்கிறது. ஆனாலும் நைத்திரைற்று இருக்கிறது என்றால் இரண்டாவது வகைப் பற்றீரியா இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். அதுவரை மீன் விடக்கூடாது.

தண்ணீர்: கடலா, களப்பா, உப்பா?

மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியை உதாரணமாக எடுப்போம். விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 190 லீற்றர். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 150 லீற்றர் தண்ணீர் வேண்டும். எல்லாம் சேர்த்து 200 கிலோவைத் தாண்டும் என்பதால், மேசை உறுதியாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். முதலில் நல்ல தண்ணீரை நிரப்பி ஒரு நாள் வைத்து ஒழுக்குப் பாருங்கள்.

முல்லைத்தீவுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடல்நீர் கையருகில் இருக்கிறது. எங்கே, எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி. நந்திக்கடலிலோ நாயாற்றுக் களப்பிலோ எடுக்காதீர்கள். களப்பின் உப்புத்தன்மை மழைக்கும் வெயிலுக்கும் தலைகீழாக மாறும். வயல்களிலிருந்து வழிந்து வரும் உரமும் அதில் இருக்கும். மாரியில் வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டப்பட்டிருக்கும் நாட்களில், அதற்கு அண்மையிலுள்ள கடல்நீரும் நன்னீர் கலந்து உப்புக் குறைந்திருக்கும். வள்ளங்கள் கட்டும் இறங்குதுறையில் எண்ணெய் மிதக்கும். தொழிலுக்குப் போகும் ஒருவரிடம் சுத்தமான 25 லீற்றர்க் கான்கள் ஆறைக் கொடுத்து, கரையை விட்டுத் தள்ளிய இடத்தில் நிரப்பித் தரச் சொல்வதே நல்லது. மண்ணெண்ணெயோ மருந்தோ இருந்த கான் கூடவே கூடாது, எத்தனை தரம் கழுவியிருந்தாலும். கொண்டுவந்த நீரைத் துணியில் வடித்து, வெளிச்சம் படாமல் மூடி, ஒன்று இரண்டு வாரம் வையுங்கள். அதிலுள்ள நுண்ணுயிர்கள் இறந்து அடியில் படியும். மேலுள்ள தெளிநீரை மட்டும் எடுக்க வேண்டும்.

கிளிநொச்சி, வவுனியாவில் இருப்பவர்கள் பெரும்பாலும் உப்புக் கரைக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனையிறவு உப்பு பக்கத்திலேயே இருக்கும்போது அதைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா என்று தோன்றும். ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் கல்சியம் சேர்ந்த பொருட்கள் படிகின்றன. பிறகு சாப்பாட்டு உப்பு படிகிறது. மக்னீசியம் நிறைந்த கசப்பு நீரைக் கடைசியில் வடித்துவிடுகிறார்கள். நல்ல உப்பு என்றால் ஏறத்தாழத் தனிச் சோடியம் குளோரைட்டு என்பதுதான் பொருள். அந்த உப்பை நம்பித்தான் ஒருகாலத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை குளோரினும் கோஸ்ரிக் சோடாவும் செய்தது. சமையலுக்கும் தொழிற்சாலைக்கும் அது சிறப்பு. மீனுக்கோ லீற்றருக்கு 400 மில்லிகிராம் அளவில் கல்சியமும் 1,300 மில்லிகிராம் அளவில் மக்னீசியமும் வேண்டும். ஆகவே கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக்கலவையைத்தான் வாங்க வேண்டும். லீற்றருக்கு 35 முதல் 38 கிராம் என்று கணக்கிட்டால், நம் தொட்டிக்கு ஐந்தேகால் கிலோவிலிருந்து ஐந்தே முக்கால் கிலோ வரை போகும். உப்புமானியில் அடர்த்தி 1.023க்கும் 1.026க்கும் இடையில் நிற்க வேண்டும்.

எந்தத் தண்ணீரில் கரைப்பது? நம்முடைய கிணற்று நீர் கடினமானது. வவுனியா, முல்லைத்தீவில் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் பல இடங்களில் ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. அங்கே குடிக்க வாங்கும் தண்ணீர்தான் இதற்கும் மிகப் பொருத்தம். குழாய் நீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் முழுவதும் காற்றுக் குமிழி ஓடவிட வேண்டும்.

மணலும் கல்லும்: இரண்டு எச்சரிக்கை

பற்றீரியா குடியிருக்க இடம் வேண்டும். துளைகள் நிறைந்த கல்லும் சிப்பித் தூள் கலந்த மணலும் நல்லவை. மணலில் சில துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்புச் சத்து உண்டு, அது தண்ணீரின் காரத்தன்மை இறங்காமல் பார்த்துக்கொள்ளும். கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கக் கரைகளில் காணும் கறுப்பு மணல் இல்மனைற்று, அதாவது இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த கனிம மணல். காந்தத்தில் ஒட்டும் மணல் தொட்டிக்கு வேண்டாம்.

முதல் எச்சரிக்கை சட்டம் பற்றியது. உயிருள்ள முருகைக்கல்லைக் கடலிலிருந்து உடைத்து எடுப்பது இலங்கையில் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, 1998ஆம் ஆண்டு கடல் சூடானபோது கல்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் றீவ் உட்பட நாட்டின் பல முருகைக்கற்பாறைகள் வெளிறி அழிந்தன. மிஞ்சியதை மீன்தொட்டிக்காக உடைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. கடையில் விற்கும் காய்ந்த கல்லோ, இதற்கென்றே செய்யப்பட்ட சுட்ட மண் துண்டுகளோ போதும்.

இரண்டாவது எச்சரிக்கை நம்முடைய மண்ணுக்கே உரியது. காசு மிச்சம் பிடிக்கக் கரையில் கல் பொறுக்குவதும் மணல் தோண்டுவதும் பிள்ளைகளுக்கு விளையாட்டாகத் தெரியும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் வெடிக்காத பொருட்கள் இன்னும் வெளிப்படுகின்றன. கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட இடம் என்று உறுதியாகத் தெரியாத எங்கும் தோண்டாதீர்கள். இடிந்த கட்டடக் கற்களும் வேண்டாம். அவற்றில் சீமெந்தும் பெயின்றும் உலோகத் துண்டுகளும் இருக்கும். சிறிதளவு செப்பு கரைந்தாலே இறால், நத்தை போன்ற உயிர்கள் தொட்டியில் வாழாது.

ஆறு வாரம், படிப்படியாக

தண்ணீர், மணல், கல், வடிகட்டி, காற்றுப் பம் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. இனிப் பற்றீரியாவுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். அதன் சாப்பாடு அமோனியா. அதைக் கொடுக்க மீன் தேவையில்லை. முன்பு மலிவான மீன்களை விட்டு அவை சாகச் சாகத் தொட்டியைப் பழக்கினார்கள். அது கொடுமை. வீண் செலவும்கூட.

மிக எளிய வழி ஒரு பச்சை இறால். துணிப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டால் அழுகி அமோனியா தரும். மணக்கும். அளவும் கைக்குள் நிற்காது. அமோனியா தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். அளவோடு செய்ய விரும்பினால் அமோனியம் குளோரைட்டு பயன்படுத்தலாம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம் இதுதான். ஆனால் அதில் வேறு பொருள் கலந்திருக்கக்கூடும் என்பதால், ஆய்வுகூடத் தரத்தில் வாங்குங்கள். 150 லீற்றருக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் போட்டால், லீற்றருக்கு 2 மில்லிகிராம் அமோனியா கிடைக்கும். யூரியா போடலாமா என்றால், வேண்டாம். அது மெதுவாகத்தான் அமோனியாவாக மாறும். மாறாமல் ஒளிந்திருக்கும் பகுதியைச் சோதனைக் குப்பி காட்டாது. இன்னும் போட வேண்டும் என்று நினைத்து அளவு மீறிவிடுவீர்கள்.

இதற்குக் கட்டாயம் வேண்டியவை அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, பி.எச். ஆகியவற்றுக்கான சோதனைக் குப்பிகள். கடல்நீருக்கும் பொருந்தும் என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். கொப்பி ஒன்றில் இரண்டு நாளுக்கு ஒருமுறை அளவுகளை எழுதி வாருங்கள். பொதுவாக இப்படிப் போகும்:

முதல் வாரம்: அமோனியா மட்டும் இருக்கும். தண்ணீர் பால்போலக் கலங்கலாம், தானே தெளியும். தெளிந்ததைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: நைத்திரைற்று தோன்றும். அமோனியா இறங்கத் தொடங்கும். சுழியத்துக்கு அண்மையில் வந்ததும் மீண்டும் அமோனியம் குளோரைட்டு போடுங்கள். பற்றீரியா பட்டினி கிடக்கக்கூடாது. அமோனியா 5 மில்லிகிராமைத் தாண்டவும் விடக்கூடாது, வேலை மந்தமாகும்.

நான்காம் வாரம் அளவில்: நைத்திரேற்று ஏறும், நைத்திரைற்று உச்சத்துக்குப் போய் இறங்கும். கண்ணாடியிலும் கல்லிலும் மண்ணிறப் படலம் வரும். அதைக் கண்டு தொட்டியை இறக்கிக் கழுவிவிட்டால் ஒரு மாத வேலையும் போய்விடும். தொட்டி உயிர்பெறுவதன் அடையாளம் அது. விளக்கை அணைத்து வைத்தால் குறையும்.

ஐந்தாம், ஆறாம் வாரம்: பரீட்சை. 2 மில்லிகிராம் அமோனியா போட்டு, சரியாக 24 மணித்தியாலம் கழித்துச் சோதியுங்கள். அமோனியாவும் சுழியம், நைத்திரைற்றும் சுழியம் என்றால் தொட்டி தேர்ச்சி. ஒன்று மிஞ்சினாலும் இன்னொரு வாரம் பொறுங்கள்.

காலத்தைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. நன்றாக இயங்கும் வேறொரு கடல்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலோ, வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டோ ஈரம் காயாமல் கொண்டுவந்து போடுவது. போத்தலில் விற்கும் பற்றீரியாவும் உதவலாம். ஆனால் அது உயிருள்ள பொருள். கொழும்பிலிருந்து வெயிலில் பஸ்ஸில் வந்து, கடைத் தட்டில் மாதக்கணக்கில் கிடந்திருந்தால் உள்ளே இருப்பது செத்த பற்றீரியாதான். எதைப் போட்டாலும் 24 மணித்தியாலப் பரீட்சையைத் தவிர்க்கக்கூடாது.

வெயிலும் மின்வெட்டும்

பற்றீரியா பெருக 25 முதல் 30 பாகை செல்சியஸ் நல்லது. இந்த விடயத்தில் லண்டனிலும் ரொறன்ரோவிலும் தொட்டி வைத்திருக்கும் எங்கள் சொந்தக்காரரைவிட நாம் அதிர்ஷ்டசாலிகள், சூடாக்கி தேவையில்லை. ஆனால் மீன் வந்த பிறகு, சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே தண்ணீர் 32 பாகையைத் தாண்டினால் ஆபத்து. சூடான நீரில் ஒட்சிசன் குறையும். நீர்மேற்பரப்பில் படும்படி சிறிய மின்விசிறி ஒன்றை வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். அப்போது தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. ஆகவே வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் விட வேண்டும், உப்புத் தண்ணீரை விடக்கூடாது.

மின்வெட்டு அடுத்த சிக்கல். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லாதிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பற்றீரியாவுக்கும் ஒட்சிசன் வேண்டும். மூடிய வடிகட்டிப் பெட்டிக்குள் தண்ணீர் ஓட்டம் நின்றால், சில மணித்தியாலத்தில் அது இறக்கத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட நீர் தொட்டிக்குள் கொட்டும். பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம் ஒன்றை வாங்கி வைப்பது காப்புறுதி போன்றது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் வரவிடாத பொருட்களின் பட்டியலில் பற்றரியும் யூரியாவும் இருந்தன. இன்று கிளிநொச்சியில் இரண்டும் கடையில் கிடைக்கின்றன. பற்றரியை வாங்குங்கள், யூரியாவை வயலுக்கு விடுங்கள்.

பெரிய கருவிகள் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். 1961ஆம் ஆண்டிலேயே இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் இயற்கைக் கடல்நீர், துளைகள் நிறைந்த கல், காற்றுக் குமிழி இவற்றை மட்டும் வைத்துக் கடல் உயிர்களை வளர்த்துக் காட்டி எழுதினார். இன்றைய கடல்நீர்த் தொட்டிகள் பலவும் அந்தப் பாதையில் வந்தவைதான்.

மீன் விடும் நாள்

தேர்ச்சி பெற்ற தொட்டியில் நைத்திரேற்று நிறையச் சேர்ந்திருக்கும். பாதித் தண்ணீரையோ அதற்கு மேலோ மாற்றி, அதை லீற்றருக்கு 20 மில்லிகிராம் அளவுக்கு இறக்குங்கள். பிறகு ஓரிரு நாளுக்குள் முதல் மீனை விட வேண்டும். தாமதித்தால் பற்றீரியா பட்டினியில் குறையும். முதலில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு சிறிய மீன். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்துப் பழக்கி எடுத்த பின்பே விடுங்கள். பையின் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம். அடுத்த மீனுக்கு இரண்டு வாரம் பொறுங்கள். மீன் கூடக் கூடப் பற்றீரியாவும் கூட வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் கழுவ நேர்ந்தால், தொட்டியிலிருந்து எடுத்த உப்பு நீரிலேயே அலசுங்கள். குழாயில் பிடித்தால் குளோரின் உங்கள் ஆறு வாரத்தை ஆறு நிமிடத்தில் முடித்துவிடும்.

இலங்கையில் விற்கும் கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை அல்ல. திருகோணமலை, மட்டக்களப்பு, கல்பிட்டிக் கடல்களில் சுழியோடிகள் ஒவ்வொன்றாகப் பிடித்தவை. தொட்டியில் ஒரு மீன் வீணாகச் செத்தால் அதற்குப் பதிலாக இன்னொன்று பாறையிலிருந்து போகிறது.

வாரக் கடனும் ஆறு வாரமும்

கடைசியாகக் காசுக் கணக்கு. வடக்கில் பெண்கள் பலர் எடுக்கும் நுண்கடனின் முதல் தவணை அடுத்த வாரமே தொடங்கிவிடும். தொட்டியோ ஆறு வாரத்துக்கு ஒரு சதமும் தராது. இந்த இடைவெளியில்தான் அவசரம் பிறக்கிறது. தவணைக்காரர் வருமுன் எதையாவது விற்க வேண்டும் என்று மீனை இறக்குகிறார்கள். மீன் சாகிறது, கடன் மிஞ்சுகிறது. இந்தக் கடன்சுமை எவ்வளவு பரந்தது என்பதற்கு, 2018ஆம் ஆண்டு வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது சாட்சி.

ஆகவே தொழிலாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு என் அபிப்பிராயம்: வாரத் தவணைக் கடனில் கடல்நீர்த் தொட்டியைத் தொடங்காதீர்கள். கப்பி, மொலி போன்ற நன்னீர் மீன்களை இனம்பெருக்கி ஒரு வருடம் கை பழகுங்கள். அங்கேயும் இதே பற்றீரியாதான், இதே சோதனைக் குப்பிதான். நெக்டா என்று நாம் அழைக்கும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் மாவட்ட உத்தியோகத்தரிடம் பயிற்சி பற்றிக் கேளுங்கள். பிறகு, சேமித்த காசில், ஒரே ஒரு கடல்நீர்த் தொட்டி.

வெளிநாட்டிலிருந்து தொட்டிக்குக் காசு அனுப்புபவர்களுக்கும், திட்டம் எழுதும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொட்டியும் மீனும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். தொட்டியோடு சோதனைக் குப்பிகளையும் ஒரு கொப்பியையும் கொடுங்கள். மீனுக்கான காசை ஆறாவது வாரம், அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு கொடுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் அன்றைக்கு எடுக்கலாம்.